வீடு தேடிப் போய் சர்வீஸ் செய்கிறவருக்கு இணையத்தில் பெயரும் விளம்பரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் சர்வீஸ் செய்கிறேன். என்னிடம் வேலை பழகிவிட்டுத் தனியாகப் போன தம்பிகள், அவர்களுடைய நண்பர்கள், அப்புறம் தையல், டியூஷன், பிளம்பிங் என்று வேறு வேலை செய்கிறவர்கள்கூட திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்தான் இவை. ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்வதைவிட ஒரு தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உதாரணமெல்லாம் ஏசி வேலையாகவே இருக்கும், எனக்குத் தெரிந்தது அதுதான்.

பெயர் வைக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வாடிக்கையாளர் தன் போனில் உங்களை என்ன பெயரில் சேவ் செய்வார் என்பதை.

ஒரு தடவை ஒரு வீட்டில் வேலை முடித்து பில் கொடுத்துவிட்டு, "அக்கா, என் நம்பர் இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டேன். இருக்கே என்று போனை எடுத்துத் தேடினார். என் கடைப் பெயரை அடிக்கவில்லை, "ஏசி" என்று அடித்தார். வரிசையாக ஐந்து பேர் வந்தார்கள்: ஏசி, ஏசி புதுசு, ஏசி ஒல்லி, ஏசி எடுக்காதே, ஏசி வெள்ளை பைக். அந்த வெள்ளை பைக் நான்தான். மூன்று வருடமாக அந்த வீட்டுக்குப் போகிறேன், மூன்று தடவையும் பில்லில் கடைப் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் உறைத்தது. ஆன்லைன் விளம்பரம் என்றதும் முகம் தெரியாத ஆயிரம் பேரைப் பிடிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் இழந்துகொண்டிருந்தது, ஏற்கெனவே என் வேலை பிடித்துப்போய், அடுத்த வருடம் என்னைக் கூப்பிட நினைத்து, நம்பர் கிடைக்காமல் வேறு யாரையோ கூப்பிட்டவர்களை. அதனால் பெயரில் இரண்டே பகுதி போதும். நீங்கள் செய்யும் வேலையின் பெயர் ஒன்று, உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்டும் ஒரு சொல் இன்னொன்று. அந்தச் சொல்லை ஒரு அம்மா பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னால், அங்கே இருப்பவர் "என்னது?" என்று திருப்பிக் கேட்காமல் போனில் அடிக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சாமி பெயர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், தப்பே இல்லை. தொலைந்து போவீர்கள், அவ்வளவுதான். மதுரையில் மீனாட்சி பெயரில் எத்தனை கடை இருக்கிறது என்று எண்ணி முடிக்க முடியாது. என் முதல் கடைப் பெயரிலும் மீனாட்சிதான் இருந்தாள். கூகுளில் தேடினால் திருமண மண்டபம், ஆஸ்பத்திரி, பாத்திரக்கடை எல்லாம் தாண்டி எங்கேயோ கீழே கிடந்தேன். வீட்டில் சாமி பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், உங்கள் குலசாமி பெயரை வையுங்கள். முருகனுக்கும் விநாயகருக்கும் இருக்கும் கூட்டம் அங்கே இருக்காது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சாமி பெயரை மட்டும் வைத்து "இது எனக்கே சொந்தம்" என்று உரிமை கொண்டாடுவது கஷ்டம். ஒரு ஊதுபத்தி வழக்கில், புனித நூலின் பெயரான ராமாயணத்தைத் தனியாக ஒருவர் தன் வணிகக் குறியாக (டிரேட்மார்க்) வைத்துக்கொள்ள முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காந்தி, நேரு பெயர்களைத் தொழிலுக்கு வைக்க 1950-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடையே போட்டிருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தமிழ்ப் பெயர் வைத்தால் இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

இங்கேதான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். நம் ஆட்கள் பேசுவது தமிழ், தேடும்போது தட்டுவது பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்து. "எழில்" என்பது நல்ல பெயர். ஆனால் ழ-வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் வெறும் இசட் போட்டு நிறுத்திவிடுவார். "ஸ்ரீ" இன்னும் மோசம், எஸ்-ஆர்-ஐ என்றும் எழுதலாம், நடுவில் எச் சேர்க்கலாம், கடைசியில் இரண்டு ஈ போடலாம். மீனாட்சியையே நான் நாலு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்யச் சொல்வது இதுதான். நினைத்திருக்கும் பெயரைப் பத்துப் பேருக்குப் போனில் வாயால் மட்டும் சொல்லி, வாட்ஸாப்பில் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். எட்டுப் பேர் ஒரே மாதிரி அடித்தால் பெயர் பாஸ். ஐந்து விதமாக வந்தால் வேறு பெயர் பாருங்கள்.

நியூமராலஜி பார்த்து கூடுதலாக ஒரு ஏ, ஒரு எச் சேர்த்துக்கொள்கிறவர்களுக்கு: உங்கள் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. அந்தக் கூடுதல் எழுத்தை லெட்டர்பேடில் வைத்துக்கொள்ளுங்கள், கூகுளில் வேண்டாம். இரண்டு ஏ இருப்பது உங்களுக்கும் ஜோசியருக்கும்தான் தெரியும், தேடுகிறவருக்குத் தெரியாது.

பெயரோடு ஏரியாவைச் சேர்க்கலாமா?

யோசித்துச் செய்யுங்கள். அண்ணா நகர் மதுரையிலும் உண்டு, சென்னையிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு. கே.கே. நகரும் அப்படியே. "அண்ணா நகர்" என்று பெயரில் வைத்தால் வெளியூரிலிருந்து தேடுகிறவருக்குக் குழப்பம்தான். துபாயிலிருந்து மகன் தேடுவார், அம்மா வீட்டு ஏசிக்கு ஆள் அனுப்ப. அப்படி வரும் போன் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை. திருப்பாலை, ஆனையூர், விளாங்குடி மாதிரி தெளிவான பெயர் என்றால் பரவாயில்லை, ஆனால் நாளைக்கு நீங்கள் ஒத்தக்கடைக்குக் கடையை மாற்றினால் பெயர் பின்னாலேயே வராது. ஏரியாவைப் பெயரில் வைப்பதைவிட விவரத்தில் எழுதுவது நல்லது.

பிரபல ஏசி கம்பெனி பெயரைப் போட்டு "சர்வீஸ் சென்டர்" என்று வைத்தால் நிறைய போன் வருமே?

வரும். கம்பெனி வக்கீலிடமிருந்தும் வரும். அந்தக் கம்பெனி உங்களை நியமிக்கவில்லை என்றால் அதன் பெயரையும் லோகோவையும் உங்கள் கடைப் பெயராகப் போடுவது ஏமாற்று. ஜனங்கள் கம்பெனி ஆள் என்று நம்பித்தான் கூப்பிடுகிறார்கள், வாரன்டி உள்ள மெஷினையும் திறக்கக் கொடுத்துவிடுகிறார்கள். "எல்லாக் கம்பெனி ஏசியும் பார்ப்போம், நாங்கள் தனியார் சர்வீஸ்" என்று நேர்மையாக எழுதினால் பிரச்சினை இல்லை. போன் எடுக்கும்போதும் அதையே சொல்லுங்கள்.

பெயரைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

தனி நபராகத் தொழில் செய்கிறவருக்குப் பெயரைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் வைப்பதற்கு முன் தேடிப் பார்க்கிற வேலை கட்டாயம். வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். பொருளும் சேவையுமாக மொத்தம் 45 வகுப்புகள், அதில் ரிப்பேர், பொருத்தும் வேலை எல்லாம் 37-வது வகுப்பு. தையல் 40, டியூஷன் 41, சாப்பாடு 43, பியூட்டி பார்லர் 44.

பதிவு செய்வதென்றால், தனி நபர் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம், வக்கீலோ ஏஜென்ட்டோ வாங்குவது தனி. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில். பெயர் பதிவகத்தின் இதழில் வெளியான பிறகு யாராவது எதிர்க்க 4 மாதம் அவகாசம் உண்டு, பதிவாகிவிட்டால் 10 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். "கூல் ஏசி சர்வீஸ்" மாதிரி வேலையை அப்படியே சொல்லும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கஷ்டம், அதனால்தான் பிரித்துக்காட்டும் சொல் ஒன்று வேண்டும் என்றேன். வட்டத்துக்குள் ஆர் போட்ட அடையாளத்தைப் பதிவாகும் முன் போடக்கூடாது, அது குற்றம். டி.எம். என்று போட்டுக்கொள்ளலாம்.

என் கருத்து? முதல் வருடம் அந்த 4,500-ஐ ஒரு நல்ல வேக்கம் பம்ப்புக்குச் சேர்த்து வையுங்கள். நாலு பேர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்த பிறகு பதிவு செய்யலாம்.

போர்டு தமிழில் இருக்க வேண்டுமா?

ஆமாம். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற மொழியும் இருக்கலாம்.

கடை இல்லை, வீட்டிலிருந்துதான் வேலை. கூகுள் மேப்பில் வர முடியுமா?

முடியும், காசும் வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர், 2021 வரை மை பிசினஸ் என்று இருந்தது. வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஏரியாவுக்குப் போவீர்கள் என்பதை மட்டும் காட்டலாம், 20 ஏரியா வரை சேர்க்கலாம். ஆசைப்பட்டு மதுரையில் உட்கார்ந்துகொண்டு கன்னியாகுமரி வரை போடாதீர்கள். இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயண தூரத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது கூகுளே சொல்லும் கணக்கு.

சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். நான் எடுத்தது இப்படி: தெருப் பெயர்ப் பலகையில் ஆரம்பித்து, அப்படியே நடந்து வீட்டு வாசலுக்கு வந்து, பெயர் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியைக் காட்டி, ஷெட்டைத் திறந்து கேஸ் சிலிண்டர், கேஜ், ஜெட் பம்ப் எல்லாவற்றையும் காட்டி, கடைசியில் உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) சான்றிதழைக் கேமரா முன் பிடித்தேன். நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். உத்யம் பதிவு அரசு தளத்தில் இலவசம். அதற்கும் 2,000, 3,000 என்று காசு வாங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன, உஷார்.

விவரம் எழுத 750 எழுத்து இடம் இருக்கிறது. அதில் "தரமான சேவை எங்கள் இலக்கு" என்று எழுதி வீணாக்காதீர்கள். ஸ்ப்ளிட், விண்டோ இரண்டும் பார்ப்பீர்களா, ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா, விசிட் சார்ஜ் எவ்வளவு, வேலை செய்தால் அது பில்லில் கழியுமா, இவற்றை எழுதுங்கள். விசிட் சார்ஜை முன்னாலேயே எழுதிவைத்த பிறகு வாசலில் நின்று வாக்குவாதம் செய்வது எனக்குப் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

மேலே வருவதற்காகப் பெயரோடு "மதுரை பெஸ்ட் ஏசி ரிப்பேர் 24 மணி நேரம்" என்று சேர்க்கலாமா?

கூடாது. போர்டிலும் பில்லிலும் என்ன பெயரோ அதேதான் அங்கேயும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. யாராவது புகார் செய்தால் பெயரை மாற்றிவிடுவார்கள், சில சமயம் புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள். மே மாதம் கத்திரி வெயிலில் முடங்கிப் பாருங்கள், அப்போது தெரியும். ஏரியாவுக்கு ஒன்று என்று ஐந்து புரொஃபைல் திறப்பதும் அதே கதைதான். இடத்தைத் தீர்மானிப்பது மூன்று விஷயம்: தேடியதற்கு நீங்கள் பொருந்துகிறீர்களா, தேடுகிறவருக்கு எவ்வளவு பக்கம், எவ்வளவு பேருக்கு உங்களைத் தெரிந்திருக்கிறது. இரண்டாவதை யாராலும் மாற்ற முடியாது.

வெப்சைட் வேண்டுமா?

ஆரம்பத்தில் வேண்டாம். டொமைன் பெயரை, அதாவது வெப்சைட் முகவரியை மட்டும் வாங்கிப் போட்டுவையுங்கள், டாட் இன் போதும். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று பாருங்கள், அதுதான் உண்மையான விலை. கூகுளே இலவசமாக ஒரு பக்க வெப்சைட் கொடுத்துவந்தது, 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி பேனர் அடித்தவர்களின் முகவரி வேலை செய்யாமல் போனது. இலவச இடத்தை நம்பி ஸ்டிக்கர் அடிக்கக்கூடாது என்று அப்போதுதான் புத்தி வந்தது.

ரிவ்யூ எப்படி வாங்குவது?

வேலை முடிந்து, ஏசி ஓடி, காற்று ஜில்லென்று வரும் அந்த ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டும். மறுநாள் கேட்டால் யாரும் போடமாட்டார்கள். எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். "அஞ்சு ஸ்டார் போடுங்க சார்" என்று கேட்டால் ஸ்டார் மட்டும் வரும், அதனால் பெரிய பயன் இல்லை. நான், "சார், என்ன பிரச்சினை இருந்துச்சு, என்ன செஞ்சேன்னு ரெண்டு வரி எழுதுங்க, தமிழ்ல எழுதினாலும் சரி" என்கிறேன். "இன்டோரில் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது, டிரெய்ன் பைப் அடைப்பு எடுத்துக் கொடுத்தார், கேஸ் போடச் சொல்லி ஏமாற்றவில்லை" என்று ஒருவர் எழுதினார். அந்த ஒரு ரிவ்யூவைப் படித்துவிட்டு வந்தவர்கள் நிறைய. தண்ணீர் சொட்டும் வீடு ஊர் முழுக்க இருக்கிறது, வருகிறவன் கேஸ் இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற பயமும் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று சொல்லக்கூடாது, விதிக்கு விரோதம். காசு கொடுத்து நூறு ரிவ்யூ வாங்குவது அதைவிட முட்டாள்தனம். பெங்களூர், பாட்னா என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள் உங்கள் வேலையைப் புகழ்ந்திருந்தால் படிக்கிறவருக்குத் தெரியாதா?

ஒருவர் ஒரு ஸ்டார் போட்டுத் திட்டியிருக்கிறார். என்ன செய்ய?

ராத்திரி பதில் எழுதாதீர்கள். காலையில் எழுதுங்கள், மூன்று வரிக்குள். தப்பு உங்களுடையது என்றால் ஒப்புக்கொண்டு, எப்போது வந்து சரிசெய்வீர்கள் என்று தேதி சொல்லுங்கள். எனக்கு ஒரு தடவை, பையன் வேலை செய்த வீட்டில் சுவரெல்லாம் கறுப்புத் தண்ணீர் வழிந்துவிட்டது, கழுவும் தண்ணீர் சிந்தாமல் ஏசியைச் சுற்றிக் கட்டும் ஜாக்கெட் கவரைச் சரியாகக் கட்டவில்லை. "தப்பு எங்களுடையது, சனிக்கிழமை நானே வந்து சுவரைத் துடைத்துத் தருகிறேன்" என்று எழுதினேன், போய்த் துடைத்தும் கொடுத்தேன். அவர் ஸ்டாரை மாற்றவில்லை. ஆனால் அந்தப் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன் என்று பின்னால் இரண்டு பேர் சொன்னார்கள்.

அவருடைய பெயர், தெரு, பில் பாக்கி இதையெல்லாம் பதிலில் எழுதவே கூடாது, கை அரிக்கத்தான் செய்யும்.

காசு கொடுத்து விளம்பரம் செய்யலாமா?

சீசனில் செய்யலாம், பழகிக்கொண்டு. கூகுள் விளம்பரத்தில் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. இடம் என்று மதுரையைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அங்கே "இந்த ஊரில் இருப்பவர்களோ, இந்த ஊரில் ஆர்வம் உள்ளவர்களோ" என்றுதான் முதலிலேயே அமைந்திருக்கும். "இருப்பவர்கள்" மட்டும் என்று மாற்றுங்கள். எனக்குத் துபாய் மகன்களும் வேண்டும்தான், ஆனால் அவர்கள் விளம்பரம் இல்லாமலே தேடி வந்துவிடுகிறார்கள். அப்புறம் "வேலை", "கோர்ஸ்", "சம்பளம்", "ஸ்பேர் விலை" மாதிரி சொற்களை விலக்குப் பட்டியலில் போடுங்கள். இல்லாவிட்டால் ஏசி மெக்கானிக் வேலை தேடும் பையன்களின் கிளிக்குக்கு நீங்கள் காசு கட்டிக்கொண்டிருப்பீர்கள். முதல் வாரம் நான் கட்டினேன்.

டிசம்பரில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். ரிவ்யூ, போட்டோ சேர்க்கும் வேலையை பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள், மார்ச் நடுவில் போன் அடிக்க ஆரம்பித்தால் பிறகு எதற்கும் நேரமிருக்காது.

வாட்ஸாப்பில் என்ன செய்யலாம்?

பிசினஸ் வாட்ஸாப் வையுங்கள், இலவசம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை, ஆனால் உங்கள் நம்பரைச் சேவ் செய்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். மறுபடி அதே வெள்ளை பைக் கதைதான். அதனால் இப்போது பில்லோடு சேர்த்து காண்டாக்ட்டையும் அனுப்புகிறேன், பெயர் "ஏசி" என்று ஆரம்பிக்கும்படி. வாங்கியவர் ஒரு தட்டுத் தட்டினால் சேவ் ஆகிவிடும். வருடத்துக்கு இரண்டு செய்தி போதும், வெயிலுக்கு முன் ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. தினமும் குட் மார்னிங் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள், நியாயம்தானே.

இதையெல்லாம் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் கூகுள் கணக்கு உங்கள் ஜிமெயிலில் இருக்க வேண்டும், அவர்களை மேனேஜராக மட்டும் சேருங்கள். நான் முதலில் ஒருவரிடம் கொடுத்தபோது அவர் தன் மெயிலில் திறந்துவிட்டார். நம்பர் மாற்ற வேண்டி வந்தது, ஆள் போன் எடுக்கவில்லை. கூகுளில் உரிமை கேட்டு விண்ணப்பித்து, நான்தான் நான் என்று நிரூபிப்பதற்குள் ஒரு சீசன் போய்விட்டது.

"கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் லிஸ்டிங் காலாவதி ஆகப்போகிறது" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். அது இலவசம், காலாவதி ஆவதும் இல்லை.

பழைய பெயரை மாற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார்களா?

நம்பரை மாற்றாதவரை போகமாட்டார்கள். புரொஃபைலையும் புதிதாகத் திறக்காதீர்கள், இருப்பதிலேயே பெயரைத் திருத்துங்கள், ரிவ்யூ எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு வருடம்வரை பில்லில் பழைய பெயரையும் சின்னதாகக் கீழே போடுங்கள். ஃபிரிட்ஜ் பக்கவாட்டில் நீங்கள் ஒட்டிவிட்டு வந்த ஸ்டிக்கர் ஃபிரிட்ஜ் இருக்கும்வரை இருக்கும். போன வாரம் வில்லாபுரத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார், "மீனாட்சிங்களா?" என்று. ஆமாங்கய்யா, சொல்லுங்க என்றேன்.